மவுத்பீஸைச் சட்டைப் பையில் போட்ட கதை

பாளையங்கோட்டை, ட்ரம்பெட்:

போன வருஷம் டிசம்பர் 23 ராத்திரி, கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டு. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். குனிந்து டம்ளரைக் கீழே வைக்கும்போது அது நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உதடு படுகிற விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டு வாசலில் செருகும்போது ஆடியது. விளிம்பை மட்டும் பார்த்தவன் வாலைப் பார்க்கவில்லை. குழாய்க்குள் போகிற அந்த நுனி கொஞ்சம் நசுங்கி, வட்டம் முட்டை மாதிரி ஆகியிருந்தது. உலோகம் அங்கேதான் மெலிசு. பாட்டு தொடங்கப் போகிறது, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஆட்டம் நிற்கட்டும் என்று உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. ஆட்டம் நின்றது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அப்படியே ஊதினேன்.

மறுநாள் கழற்றினால் வரவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மோர்ஸ் டேப்பர் தெரிந்திருக்கும். மவுத்பீஸின் வாலும் அதே மாதிரி கூம்புதான். லேசாகத் திருகிச் செருகினாலே பிடித்துக்கொள்ளும், அடித்தால் இறுகிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் (பெயர் வேண்டாம், இன்றைக்கும் நல்ல நண்பர்) கட்டிங் பிளையரை எடுத்து வந்தார். மவுத்பீஸ் அசையவில்லை. அது செருகியிருந்த குழாயை உடம்போடு சேர்த்துப் பற்றவைத்திருந்த சின்னத் தாங்கி 'டக்'கென்று விட்டுவிட்டது. மவுத்பீஸில் பிளையர் பல் பதிந்தது தனி. கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனையில் கையில் ஒன்றும் இல்லாமல் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரியில் மதுரையில் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். இதற்கென்றே புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும், திருகைச் சுற்றினால் மவுத்பீஸை நேராகப் பின்னுக்கு இழுக்கும், முறுக்காது. அரை நிமிஷ வேலை. நசுங்கிய வாலுக்குள் கூம்பு வடிவ எஃகுக் கம்பியைச் செருகிச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி வட்டமாக்கினார். தாங்கியைப் பற்றவைக்கத்தான் அரை நாள் ஆனது. திட்டுவார் என்று பயந்துபோனேன். அவர் சிரித்துக்கொண்டே, "மவுத்பீஸ் சிக்கி வர்றதுல பாதிக்குப் பாதி பிளையர் பட்டுத்தான் வருது" என்றார்.

நீங்களெல்லாம் மவுத்பீஸை எங்கே வைக்கிறீர்கள்? சொல்லுங்கள்.

தென்காசி, ட்ரோம்போன்:

அண்ணாச்சி, நான் பதினைந்து வருஷமாகக் கல்யாண பேண்டில் ஊதுகிறவன். உங்களுக்கு மவுத்பீஸ் போனது. எனக்கு மவுத்பீஸ் நன்றாக இருந்தது, வாத்தியம் போனது.

எங்கள் செட்டில் பாதி வாத்தியம் மீரட்டிலிருந்து வந்தவை. என்னுடைய பெட்டியில் மவுத்பீஸுக்கென்று குழி கிடையாது. கழற்றி அப்படியே உள்ளே போட்டு மூடிவிடுவேன். சங்கரன்கோவில் ரோட்டில் வேன் குலுங்கிய குலுக்கலில் அது உருண்டு, சுரம் மாற்ற முன்னும் பின்னும் இழுக்கிற ஸ்லைடு குழாயில் போய் மோதியிருக்கிறது. பார்த்தால் பருவு மாதிரி ஒரு சின்ன அமுக்கல்தான். ட்ரோம்போன் ஸ்லைடுக்கு அது போதும். முகூர்த்த நேரத்தில் நாலாவது இடத்துக்குப் போக வேண்டிய ஸ்லைடு மூன்றாவதிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அதற்கப்புறம் பழைய பருத்திச் சாக்ஸில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி வைத்தேன். ரெண்டு மாதத்தில் ரப்பர் பேண்டு இருந்த இடத்தில் மட்டும் வளையமாகக் கறுத்துவிட்டது. ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளி முலாமுக்கு அது ஆகாது. இப்போது நாடாவால் கட்டுகிறேன். ஊர்வலத்தில் வேட்டுப் புகைக்குள் நின்று ஊதின அன்றைக்கு, தூங்குவதற்கு முன்னால் எப்படியும் கழுவித் துடைத்துவிடுவேன். அந்தப் புகையிலும் கந்தகம்தான்.

உவரிப் பக்கம், யுபோனியம்:

எங்கள் கதையே வேறு. கடற்கரைக் காற்று. துடைக்காமல் வைத்தால் கேட்டில் இருக்கிற பூட்டே ஒரு வருஷம் தாங்காது.

என் மவுத்பீஸ் தாத்தா ஊதினது. தேர்ப்பவனிக்கு முந்தின நாள் ஆச்சி அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். பளபளவென்று இருக்கும், ஊரே பார்க்கும். நாற்பது வருஷம் அப்படித் தேய்த்ததில் விளிம்பில் வெள்ளி முலாம் முழுக்கப் போய்விட்டது. நான் ஊத ஆரம்பித்தபோது மஞ்சளாக வெறும் பித்தளைதான் தெரிந்தது. ஊதி முடித்தால் வாயில் செம்புக் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி, உதட்டைச் சுற்றி அரிப்பு. துடைக்காமல் விட்டால் மறுநாள் பச்சை பிடித்திருக்கும். வெயில் கொப்புளம் என்று நினைத்து ஆறு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் மறுபடி முலாம் பூசிய பிறகுதான் அடங்கியது. ஆச்சியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. விளக்குக்கு அவள் செய்தது சரிதான்.

இப்போது தினமும் ஊதினதும் கழுவுகிறேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, அதனால் குடிக்கிற தண்ணீர்தான். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, உள்ளே நுழைகிற சின்னப் பிரஷ். ஈரம் போகத் துடைத்துப் பனை ஓலைக் கொட்டானில் துணி விரித்து வைக்கிறேன். கடையில் தோல் பை விற்கிறது. அது நல்லதுதான், ஆனால் ஊதின ஈரத்தோடு அதில் போட்டு ஜிப்பை இழுத்தால் திறக்கும்போது வருகிற வாடை இருக்கிறதே! கொட்டானில் காற்றுப் போகும். நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கல்லிடைக்குறிச்சி, நாகஸ்வரம்:

பித்தளைக்காரர்கள் நடுவில் நான் நுழையலாமா தெரியவில்லை. காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுக்கு மவுத்பீஸ் மாதிரி எங்களுக்கு வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. நாணல்தானே, பல் பட்டால் போச்சு. அதனால் வாசிக்கும்போதே மாற்றுச் சீவாளிகள் நூலில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கும். கச்சேரி நடுவில் ஒன்று சரியில்லை என்றால் அடுத்ததை எடுத்துச் செருகிக்கொள்வோம். நீங்கள் ஒரே மவுத்பீஸை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நாங்குநேரி, பள்ளி பேண்டு ஆசிரியர்:

நாகஸ்வரம் ஐயா சொல்வது நியாயம். என்னிடம் எப்போதும் 7சி அளவு மவுத்பீஸ் இரண்டு உபரி இருக்கும்.

கொரோனாவுக்கு முன்னால் ஒரே மவுத்பீஸை மூன்று பையன்கள் டிரவுசரில் துடைத்துத் துடைத்து மாற்றி மாற்றி ஊதுவார்கள். இப்போது ஆளுக்கு ஒன்று. செலவைக் குறைக்கச் சிலருக்குப் பிளாஸ்டிக் வாங்கினோம். சுத்தமாகக் கழுவச் சொன்னேன். ஒருவன் அதை அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருக்கிறான். மறுநாள் கொண்டுவந்தது ஒரு பக்கம் கோணி இருந்தது. "சார், முட்டை மாதிரிதானே அவிக்கணும்?" என்றான். அதற்குப் பிறகு கொதிநீர் என்ற சொல்லே வகுப்பில் கிடையாது.

பை வாங்கப் பணமில்லாத ஒரு பிள்ளை அதன் பாட்டியின் வெற்றிலைச் சுருக்குப் பையைக் கொண்டுவந்தது. தடித்த துணி, கயிற்றை இழுத்தால் வாய் மூடும், இடுப்பிலேயே செருகிக்கொள்ளலாம். துவைத்த பிறகும் கொஞ்சம் புகையிலை வாசம். எங்கள் பேண்டில் ஒரு வருஷமாகக் கீழே விழாத ஒரே மவுத்பீஸ் அதுதான்.

ட்ரம்பெட் தம்பிக்கு ஒன்று: இனிமேல் சிக்கினால், புல்லர் கிடைக்காத இடத்தில், மவுத்பீஸ் மேல் ஐஸும் அது செருகியிருக்கிற குழாய் மேல் வெந்நீரில் நனைத்த துணியும் வைத்துப் பாருங்கள். ஒன்று சுருங்கி மற்றது விரிந்தால் சில நேரம் கையிலேயே வந்துவிடும். வராவிட்டால் அப்படியே விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறுங்கள்.

பாளையங்கோட்டை, ட்ரம்பெட்:

நன்றி சார். அம்மாவிடம் சுருக்குப் பை ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன். பேண்டு யூனிபாரம் சட்டையை நேற்று டெய்லரிடம் கொடுத்து மேல் பையின் வாயைத் தைத்து மூடிவிட்டேன். "எதுக்குப்பா?" என்று கேட்டார். கேக் சாப்பிடத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.