ஒளிப்பவரும் ஒளிக்கப்படுபவரும்: சில தொடர்களும் சில உரையாடல்களும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பின ஆண்களின் மறைவான காதலைச் சொல்லும் தொடர்களை நான் கவனித்துப் பார்க்கத் தொடங்கியது, வேலை நிமித்தம் அட்லாண்டாவில் குடியேறிய பிறகுதான். தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பின ஆண்கள் பலர் வெளிப்படையாகவே வாழும் நகரம் அது. என் அலுவலகத் தோழர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், அதே நகரத்தில் பல ஆண்டுகள் 'டவுன் லோ' என்று அங்கே சொல்லப்படும் வாழ்க்கையை வாழ்ந்திருக்கிறார். அதாவது மனைவி மக்களோடு குடும்பஸ்தராக இருந்துகொண்டே ஆண்களோடு யாருக்கும் தெரியாத உறவு வைத்திருந்தவர். இங்கே நான் எழுதுவதில் பாதி அவரிடமும் அவருடைய முன்னாள் மனைவியிடமும் கேட்டது. இருவரும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

இந்தத் தொடர்கள் வந்த காலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2003 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழின் ஞாயிறு மலர் இத்தகைய ஆண்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 2004-இல் ஜே. எல். கிங் என்பவர் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் தோன்றித் தம் இரட்டை வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். அதன்பின் கறுப்பினப் பெண்களிடையே எச்ஐவி பரவுவதற்கு இந்த ஆண்களே காரணம் என்ற பேச்சு, போதிய ஆதாரம் இல்லாமலேயே, தேவாலயம் முதல் அழகு நிலையம் வரை நிலைபெற்றுவிட்டது. ரகசியக் காதல் கறுப்பினத்தாருக்கு மட்டும் உரியதன்று என்று எழுத்தாளர் கீத் பாய்கின் 2005-இல் ஒரு நூலே எழுதி மறுத்தார். அதே ஆண்டில், மனைவியரிடம் மறைத்து ஒருவரையொருவர் காதலித்த இரண்டு வெள்ளைக்கார ஆண்களைப் பற்றிய திரைப்படத்தைப் பார்த்து நாடே கண்ணீர் விட்டதை என் தோழர் இன்றும் கசப்போடுதான் நினைவுகூர்கிறார். அவர்கள் செய்தது காவியக் காதல், நாங்கள் செய்தது நோய் பரப்பும் வேலை என்பார்.

பேட்ரிக்-இயன் போக் உருவாக்கிய 'நோவாஸ் ஆர்க்' 2005 அக்டோபரில் லோகோ தொலைக்காட்சியில் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் நான்கு கறுப்பின நண்பர்களின் கதை அது. நால்வரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், அதை மறைக்காதவர்கள். அவர்களில் ஒருவனான நோவா திரைக்கதை எழுதிப் பிழைக்க முயல்பவன். அதுவரை பெண்களோடு மட்டுமே பழகியிருந்த வேட் என்பவனோடு அவனுக்குக் காதல் உண்டாகிறது. வேடின் தயக்கத்தைத் தொடர் பரிவோடு சொல்கிறது. ஆனால் கதையை நாம் பார்ப்பது நோவாவின் பக்கத்திலிருந்து. எவ்வளவு நேரம் இவனுக்காகக் காத்திருப்பது, எவர் எதிரே கையைப் பிடிக்கலாம், எவர் எதிரே விட்டுவிட வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவனுடையவை. இரண்டு பருவங்களோடு 2006-இல் தொடர் நின்றுபோனது. பிறகு 2008-இல் ஒரு திரைப்படம் வந்தது. நடிப்பும் படமாக்கமும் சில இடங்களில் கத்துக்குட்டித்தனமாகத்தான் இருக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் என் தோழர் அதன் குறுந்தகடுகளை அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் தொகுப்பு ஒன்றின் பெட்டிக்குள் மாற்றி வைத்து, மனைவி இரவுப் பணிக்குப் போகும் நாள்களில் மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்து முடித்ததும் தகட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பதோடு, பெட்டி முன்பிருந்த அதே கோணத்தில் அலமாரியில் நிற்கிறதா என்றும் சரிபார்ப்பாராம்.

இந்தப் பொருளை நேரடியாக எடுத்துக்கொண்ட தொடர் 2007-இல் வந்த 'தி டி எல் கிரானிகிள்ஸ்'. டி எல் என்பது டவுன் லோவின் சுருக்கம். குவின்சி லெனியரும் டியான்ட்ரே காசெட்டும் சேர்ந்து உருவாக்கியது. இருவரும் வாழ்க்கைத் துணைவர்கள். 2014 கிராமி விருது விழா மேடையில் 30-க்கும் மேற்பட்ட இணையர்களுக்கு ஒரே நேரத்தில் திருமணம் நடந்தபோது அவர்களும் மணம் செய்துகொண்டார்கள். தொடரில் ஒவ்வொரு பகுதியும் ஒரு தனிக்கதை. வெஸ், ராபர்ட், பூ, மார்க் என்று ஒருவர் பெயரே தலைப்பு. எழுத்தாளர் ஒருவர் இந்த வாழ்க்கைகளைத் தேடித் தொகுத்துச் சொல்வதுபோல் கதைகளை இணைத்திருக்கிறார்கள். முதல் கதையில் வெஸ் என்ற மணமானவன், தன் வீட்டுக்கு வந்து தங்கும் மைத்துனன்மேல் ஆசை கொள்கிறான். மனைவியின் தம்பி என்பதால் வீட்டுக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்திருக்கும்போது எதுவுமே நடக்காமல் நமக்கு மூச்சு முட்டுகிறது.

தோழரின் முன்னாள் மனைவி இந்தக் கதையைச் சில ஆண்டுகளுக்கு முன் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மணமுறிவுக்குப் பிறகும் அவர்கள் நட்போடு இருக்கிறார்கள். பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு என்னையும் அழைத்திருந்தபோது, அடுப்படியில் நின்றபடி இதைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பேசினார். அவருடைய குறை இதுதான்: இத்தகைய கதைகளில் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவுடன் அழுவாள், பிறகு கதையிலிருந்து போய்விடுவாள். ஆனால் தமக்கு மூன்றாம் ஆண்டிலேயே மனத்தில் பட்டுவிட்டது என்றும், கேட்டுவிட்டால் வீடு, கடன், பிள்ளைகளின் படிப்பு, தேவாலயத்தில் தம் தாயாரின் மரியாதை ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு நாளிலேயே தாம் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதால் கேட்காமல் இருந்ததாகவும் சொன்னார். அப்படித் தெரிந்தும் தெரியாததுபோல் வாழ்ந்த ஒரு பெண்ணை எவரும் கதாநாயகியாக எழுதவில்லை என்றார். நான் பார்த்த வரையில் அவர் சொன்னதற்கு மாற்றாகக் காட்ட என்னிடம் ஒரு தொடர்கூட இல்லை.

காதலனின் பக்கத்தை மட்டும் முழுமையாக எழுதிக்காட்டிய தொடர் ஒன்று இருக்கிறது. கட்டோரி ஹால் உருவாக்கி, 2020-இல் ஸ்டார்ஸ் ஒளிபரப்பிய 'பி-வேலி'. மிசிசிப்பியில் சுகலிசா என்ற கற்பனை ஊரில் 'தி பிங்க்' என்ற நடன விடுதி. அதை நடத்தும் அங்கிள் கிளிஃபோர்ட் ஆண் பெண் என்ற இரு வகைக்குள்ளும் அடங்காதவர். தாடியும் வைத்திருப்பார், நீண்ட நகங்களும் வகைவகையான பொய்முடிகளும் அணிந்திருப்பார். நிக்கோ ஆனன் நடித்திருக்கிறார். லில் மர்டா என்ற இளம் ராப் பாடகன் அவரைக் காதலிக்கிறான், ஆனால் ஊரறிய அல்ல. தென் மாநிலங்களில் ராப் பாட்டு ஒன்று வானொலிக்குப் போவதற்கு முன்பே இத்தகைய விடுதிகளில்தான் பிரபலமாகும். நடனப் பெண்கள் அதற்கு ஆடினால், அங்கே கூட்டம் பணத்தை வாரி இறைத்தால், பாட்டு ஓடும். ஆகவே மர்டாவின் பிழைப்பே கிளிஃபோர்டின் கூரைக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கூரையின் கீழேயே, மற்றவர்கள் பார்க்கும்போது, அவரைத் தெரியாதவர்போல நடத்துகிறான். முதல் பருவத்தின் முடிவில் கிளிஃபோர்டின் முகத்தில் ஆனன் காட்டும் நிதானம் எனக்கு அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது. அவமானத்தை விழுங்கிவிட்டு, விடுதியின் முதலாளியாக அடுத்த வேலையைப் பார்க்க வேண்டிய ஒருவரின் நிதானம் அது.

2022-இல் வந்த இரண்டாம் பருவத்தில், மர்டாவின் பழைய காதலனான பிக் டீக் சிறையிலிருந்து திரும்பி வருகிறான். ஒளிப்பதையே உயிர்பிழைக்கும் வழியாகக் கற்றுக்கொண்ட ஒருவனுக்கு அதை விட்டு வெளியேறத் தெரியாமல் போவதை அந்தப் பாத்திரம் காட்டுகிறது. காருக்குள் மர்டா பக்கத்தில் இருக்கும்போதே அவன் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியைப் பார்க்க மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த வாரம் நான் முடிவெட்டும் கடையில் இதே பேச்சு. கறுப்பின ஆண்களின் முடிதிருத்தகம் என்பது அரசியல், கூடைப்பந்து, கடன் எல்லாம் அலசப்படும் மன்றம்; இந்தப் பொருள் மட்டும் அங்கே பெரும்பாலும் கிண்டலோடு முடிந்துவிடும். ஒருவர், பையன் நன்றாகப் பாடுகிறான், அதை மட்டும் காட்டியிருக்கலாம், இந்தக் கண்றாவி எதற்கு என்றார். என் கழுத்தில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்த முடிதிருத்துநர் கையை எடுக்காமலேயே, அந்தப் பாட்டை ஓட வைத்தது யார் என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பேச்சு ஃபால்கன்ஸ் அணிக்கு மாறியது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 2001-இல் எச்பிஓ தொடங்கிய 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' இந்த உறவைத் தலைகீழாக வைத்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் ஒளிப்பவன் வெள்ளைக்காரனான டேவிட். குடும்பத்தின் ஈமச்சடங்கு நிலையத்தை நடத்துபவன், தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவன். ஒளிக்கப்படுபவர் கீத் சார்ல்ஸ் என்ற கறுப்பினக் காவலர். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவன் இருவரையும் இழிசொல்லால் ஏசும்போது கீத் திரும்பி நின்று எதிர்க்கிறார், டேவிடோ கூசிப்போகிறான். டேவிட் தன்னை நினைத்து வெட்கப்படும்வரை உடன் வாழ முடியாது என்று கீத் விலகியும் போகிறார். தோழருக்கு நான் இதைச் சொன்னபோது, அந்தத் தொடரை அப்போதே பார்த்திருந்ததாகவும், கீத்தைக் கண்டு பொறாமைப்பட்டதாகவும் சொன்னார்.

பார்க்க விரும்புவோர் 'பி-வேலி'யை முதல் பருவத்திலிருந்தே தொடங்குவது நல்லது. இடையில் நுழைந்தால் கிளிஃபோர்டின் பொறுமை புரியாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், தொடரில் நிர்வாணமும் வசையும் ஏராளம். 'நோவாஸ் ஆர்க்'குக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் முதல் இரண்டு பகுதிகளின் நடிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தும் கேட்காமல் இருந்த மனைவியின் கதையை எவரேனும் எங்கேனும் பார்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்த அம்மையாரிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.