கரிசல் காட்டில் ஓடித் திரியும் சின்னப் பறவை எது?

உளுந்துக்காடு: வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசல். உளுந்து எடுத்தபிறகு காடு சும்மா கிடக்கிறது. அதில் சிட்டுக்குருவி அளவில் சில பறவைகள் தரையிலேயே மேய்கின்றன. மண் நிறம். கிட்டே போனால் பறக்காமல் கட்டியோடு கட்டியாகப் பதுங்கிவிடுகின்றன. சிலவற்றுக்கு வயிறு கறுப்பு. ஒன்று மட்டும் ஒல்லியாக, வாலை ஆட்டிக்கொண்டே திரிகிறது. எல்லாம் ஒரே இனமா? வீட்டில் சிட்டுக்குருவிதான் என்கிறார்கள்.

மேட்டுநிலம்: தம்பி, நிறத்தை அப்புறம் பார்க்கலாம். தத்துகிறதா, நடக்கிறதா? சிட்டுக்குருவி தரையில் இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும்.

உளுந்துக்காடு: தத்தவில்லை அண்ணா. குடுகுடுவென்று ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது.

மேட்டுநிலம்: அப்படியானால் சிட்டுக்குருவி இல்லை. வயிறு கறுத்தது சாம்பல் தலை வானம்பாடியின் ஆண். ஆண் சிட்டுக்குருவிக்குக் கறுப்பு தொண்டையும் மார்புமாக நின்றுவிடும், வயிறு வெளுப்பு. இதற்குத் தாடையிலிருந்து வயிறு முழுக்கக் கறுப்பு. கன்னம் வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு, உச்சந்தலை சாம்பல். கூடவே மேயும் மண் நிறப் பறவைகள் பெண்ணாக இருக்கும். அலகு குட்டையாக, தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். விதை பொறுக்கும் அலகு அது. பூச்சியும் தின்னும்.

வரப்போரம்: அந்த ஒல்லிப் பறவை வேறு. வயல் நெட்டைக்காலி என்று நினைக்கிறேன். மெலிந்த அலகு, நீண்ட கால், நிமிர்ந்த நிற்கை, மார்பில் கீற்று. வாலை மேலும் கீழும் ஆட்டும். எழுந்து பறக்கும்போது வால் ஓரத்தில் வெள்ளை தெரியும். புல்தரை, நெல் அறுத்த தாள்காடு, கண்மாய்க் கரை எங்கும் இதைப் பார்க்கலாம்.

உளுந்துக்காடு: இன்று காலை போய்ப் பார்த்தேன். ஒல்லியானதற்கு வால் ஓரம் வெள்ளைதான். கறுப்பு வயிற்றுக்காரன் நேரே மேலே ஏறி, இறக்கையை மடக்கிக்கொண்டு விழுந்து, மறுபடி எழும்பி, கடைசியில் ஒரு மண்கட்டியில் உட்கார்ந்தது. நடுவில் நீளமாக ஒரு விசில்.

மேட்டுநிலம்: அருமை! அது பெட்டையைக் கவர ஆண் செய்கிற வேலை. பக்கத்தில் கூடு இருக்கலாம். தரையில் சின்னக் குழிதான் கூடு, உள்ளே கொஞ்சம் புல், இரண்டு மூன்று முட்டை. மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், மிதித்தாலும் தெரியாது. கோடை உழவு எப்போது?

உளுந்துக்காடு: மழை விழுந்தால்தான்.

மேட்டுநிலம்: உழும் முன் ஒரு நடை பாருங்கள். கூடு தென்பட்டால் கொஞ்சம் தள்ளி ஒரு குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு டிராக்டரைத் திருப்பச் சொல்லுங்கள். ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.