கொக்கிப்பின்னல், கோல்பின்னல்: கலைச்சொல் இழை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நூலைக் கையால் பின்னும் குரோஷே, நிட்டிங் என்ற இரண்டு வேலைகளுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தேன். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> குரோஷேவுக்கு ‘முடைதல்’ என்று வைத்துவிடலாமே. ‘பின்னல்’ என்பது திருப்பூர்ப் பின்னலாடையால் நிட்டிங்குக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

முடைதல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒகேனக்கல்லில் பரிசல் முடைவதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பிளாச்சு ஒன்றின் மேலே ஏறி, அடுத்ததன் கீழே நுழைந்து போகும். பாய், கூடை, தட்டி எல்லாம் அந்த வகைதான். குரோஷேயில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. ஒரே நூலை வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் அதே நூலின் அடுத்த வளையத்தை இழுக்கிறோம். நிட்டிங்கும் அடிப்படையில் இதுவேதான். எனவே இரண்டையும் பின்னல் என்றே சொல்லி, முன்னொட்டால் பிரிப்பது நல்லது.

நான் இதைக் கேட்பது தருமபுரியில் ஒரு தொடக்கநிலை வகுப்புக்குக் கையேடு எழுதுவதற்காக. வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே ‘இரண்டில் எதைக் கற்றுக்கொள்ளட்டும்?’ என்பதுதான். பெயரைப் படித்ததும் பாதி பதில் கிடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முன்னொட்டாக ‘ஊசி’ உதவாது. இங்கே கடைகளில் இரண்டு கருவிக்கும் ஊசி என்றே பெயர். ஆனால் இரண்டுக்கும் காது கிடையாது, நூல் கோக்கவும் முடியாது. குரோஷேவுக்குக் கையில் இருப்பது நுனி வளைந்த ஒற்றைக் கொக்கி. பிரெஞ்சுப் பெயரும் கொக்கியைத்தான் சொல்கிறது. ஆக, கொக்கிப்பின்னல். நிட்டிங்குக்கு நீளமான இரண்டு குச்சிகள். அதைக் கோல்பின்னல் என்கிறேன்.

பின்னும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்டிட்ச்’ என்பதைத் ‘தையல்’ என்று எழுதுவது பெரிய குழப்பம். இங்கே துணியும் இல்லை, தைப்பதும் இல்லை. மீன்வலைக்கு வழங்கும் ‘கண்ணி’ அப்படியே பொருந்துகிறது. பூங்கண்ணி, கண்ணிவெடி, பாட்டில் வரும் கண்ணி என்று வேறு பொருள்கள் இருக்கின்றனதான். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

இப்போது ‘எதைக் கற்றுக்கொள்ளட்டும்?’ என்ற கேள்விக்கு வருகிறேன். கொக்கிப்பின்னலில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். முந்தையவை எல்லாம் கட்டப்பட்டுவிட்டன. பால் பொங்குகிறதென்று கொக்கியை உருவி வைத்துவிட்டு ஓடினாலும் அந்த ஒன்றைப் பிடித்தால் போதும். தவறு தெரிந்தால் நூலை இழுத்துப் பிரித்து, நிறுத்திய இடத்தில் கொக்கியை மாட்டலாம். கோல்பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையும் திறந்தபடி கோலில் தொங்கும். நடுவில் ஒன்று நழுவினால் அது வரிசை வரிசையாகக் கீழே பிரிந்துகொண்டே போகும். அதைத் தூக்கி எடுக்கத் தெரியாத புதியவர் அன்றைக்கே கோலைப் பரண்மேல் போட்டுவிடுவார். அதனால் ‘திறந்த கண்ணி’ என்ற சொல்லைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வைக்க விரும்புகிறேன்.

அப்புறம் நம் வெயில். தருமபுரியில் கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் உட்கார முடியாது, பருத்திதான் சரி. பருத்தி இழுத்தால் அதிகம் நீண்டு கொடுக்காது. கோலில் புதிய கைகளுக்கு வலிக்கும். கொக்கிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆந்திரத்து நரசாபுரத்தில் கொக்கிகொண்டு பின்னும் லேஸ் வேலை பருத்தி நூலில்தான் பேர் வாங்கியது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மேசை விரிப்பு, வாசல் தோரணம், பொம்மை என்று ஆசைப்படுகிறவர்கள் கொக்கியில் தொடங்கட்டும். 4 அல்லது 5 மி.மீ. கொக்கி, அதற்கேற்ற தடிமனில் வெளிர்நிற நூல். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்கே தெரியாது.

*

ஐயா, ஓசூரிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் ஊர் வெயிலை வைத்து எங்களையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு காலை நேரம் வந்து பாருங்கள். ஸ்வெட்டர் வேண்டும் என்றுதான் இங்கே பின்னவே கேட்கிறார்கள். கோல்பின்னல் மெலிதாக, நீண்டு கொடுக்கும். உடம்போடு ஒட்டி நிற்கும். கொக்கியில் பின்னினால் பொதுவாகத் தடித்துவிடும், நூலும் கூடுதலாக இழுக்கும். ஸ்வெட்டர் வேண்டும் என்பவரைக் கொக்கியில் தொடங்கச் சொன்னால் விரிப்போடு நின்றுவிடுவார்.

சொல்லைப் பற்றி: ‘கோல்’ என்றதும் கோலாட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ‘பின்னல்’ மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சடை, ஒயர் கூடை, கயிற்றுக் கட்டில் எல்லாம் பின்னுகிறோமே. கோலில் போடும் நிட், பர்ல் என்ற இரண்டு வகைக் கண்ணிகளுக்கும் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

*

அக்கா, கோலாட்டம் நினைவுக்கு வருவது நல்லதுதான். கோல் இரண்டு என்பது மறக்காது. தளிக் குளிரையும் ஏற்கிறேன். ஸ்வெட்டர், காலுறை என்று உடுத்துவதற்காக வருகிறவர்கள் நேராகக் கோலிலேயே தொடங்கலாம் என்று சேர்த்துவிடுகிறேன். 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்த பின்னல் பொறி தொட்டு இயந்திரம் செய்வது கோல்பின்னல் வகைதான், திருப்பூர் பனியன் துணி உட்பட. கொக்கிப்பின்னல் இன்றும் கைவேலைதான்.

நிட், பர்ல்: நேர்க்கண்ணி, மறுகண்ணி. இரண்டும் ஒரே கண்ணியின் இரு பக்கங்கள். பனியன் துணியை உற்றுப் பார்த்தால் வெளிப்பக்கம் ‘வி’ வடிவ நேர்க்கண்ணியும் உட்பக்கம் மேடுமேடாக மறுகண்ணியும் தெரியும். வெட்டிய ஓரம் சுருள்வதும் இதனால்தான். புதியவர் நேர், மறு என்று வரிசை மாற்றிப் பின்னும்போது ஓரம் சுருண்டால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். எல்லா வரிசையிலும் நேர்க்கண்ணியே போட்டால் சுருளாது. முதல் பயிற்சிக்கு அதுவே நல்லது.

கொக்கிக் கண்ணிகளுக்கு ஆங்கிலப் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைப் பிரிட்டிஷார் ‘டபுள்’ என்பார்கள். அமெரிக்கரின் ‘டபுள்’ அங்கே ‘ட்ரெபிள்’. ‘இரட்டைக் கண்ணி’ என்று எழுதினால் எந்த நாட்டு இரட்டை? யூடியூபில் ஒன்றைப் பார்த்து, பழைய புத்தகத்தில் மற்றொன்றைப் படிப்பவருக்கு அளவே ஒத்துவராது. கண்ணிக்குள் நுழைவதற்கு முன் கொக்கியில் நூலை எத்தனை சுற்றுச் சுற்றுகிறோம் என்பதை வைத்தே பெயரிடுவோம். சுற்றாமல் நுழைந்தால் குட்டைக்கண்ணி (அமெரிக்கச் சிங்கிள்), ஒரு சுற்றுக்கு ஒருசுற்றுக்கண்ணி, இரண்டுக்கு இருசுற்றுக்கண்ணி. அமெரிக்கர் ‘ஹாஃப் டபுள்’ என்னும் அரைவகை ஒன்று உண்டு, அதிலும் ஒரு சுற்றுத்தான். தொடக்கக் கையேட்டில் அதை விட்டுவிடுகிறேன். தொடக்க வரிசைக்குச் சங்கிலி, அதில் யாருக்கும் தகராறு இருக்காது.

மிச்சம் இருப்பது ‘டென்ஷன்’, அதாவது நூலை எவ்வளவு இறுக்கிப் பின்னுகிறோம் என்பது. தையல் மெஷின்காரர்கள் அப்படியேதான் சொல்கிறார்கள். ‘நூலிறுக்கம்’ என்று போடலாமா, வெறும் ‘இறுக்கம்’ போதுமா? ஓசூரில் வகுப்பு எடுப்பவர்கள் சொன்னால் கையேட்டில் அதையே வைக்கிறேன்.