முதல் கார்: ஏழு வருஷப் பழைய பெட்ரோல் வண்டி பார்க்கப் போறேன், எதையெல்லாம் சோதிக்கணும்?

புதுச்சக்கரம்:
ஏழு வருஷம் ஓடின பெட்ரோல் மேனுவல் ஹேட்ச்பேக் ஒண்ணு அமைஞ்சிருக்கு. ஓடோமீட்டர் 58,000 கி.மீ. காட்டுது. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே பார்த்து, வேண்டாம்னு ஒதுக்கிடக்கூடிய அறிகுறிகள் என்ன? பாதிப் பணம் கடன். வட்டி 7 சதவீதம்னு சொல்றாங்க, சரியான வட்டிதானா?

வால்வுசத்தம்:
நீங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிடுங்க. சூடான இன்ஜின்ல பல குறை தெரியாது.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினா செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிறது) விளக்குகள் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் சில நொடியில அணையணும். எரியவே இல்லைன்னா யாரோ துண்டிச்சிருக்கலாம். அணையாத விளக்கை விட இது மோசம்.

அடுத்தது புகை. நீலமா, ஸ்டார்ட் ஆகிற நொடி மட்டும் வந்து நின்னா பெரும்பாலும் வால்வு சீல் தேஞ்சு எண்ணெய் கசியுது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங், அதாவது இன்ஜினைப் பிரிக்கிற செலவு. குளிர்ல வெள்ளை ஆவி வர்றது இயல்புதான். இன்ஜின் சூடேறின பிறகும் அடர்த்தியா வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல், கீழ்ப் பகுதிகளுக்கு நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போய் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) எரியுதுன்னு சந்தேகப்படணும். கூலன்ட் மூடியை ஆறின இன்ஜின்ல மட்டும் திறங்க. உள்ளே எண்ணெய் மிதந்தாலும் இதே சந்தேகம்தான்.

ஓட்டும்போது, ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில நாலாவது கியர்ல 50 கி.மீ. வேகத்துல ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்துங்க. ஆர்பிஎம் (இன்ஜின் சுழற்சி) மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டமடிக்கும்போது 'டக் டக்'னு கேட்டா சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றுற அச்சோட மூட்டு) தேஞ்சிருக்கு. இது ரெண்டும் விலையைக் குறைக்கத்தான். இதுக்காக வண்டியை விட வேண்டியதில்ல.

பட்டிவேலை:
58,000ஐ அப்படியே நம்பாதீங்க. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, டிரைவர் சீட்டோட கதவுப் பக்க ஓரம், மூணும் தேஞ்சிருந்தா அந்த எண் பொருந்தாது. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. வண்டியோட வந்த டயரா, மாத்தினதான்னு இதுல தெரியும். சர்வீஸ் பில்கள்ல கி.மீ. படிப்படியா ஏறியிருக்கான்னு வரிசையா வெச்சுப் பாருங்க.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. சேற்றுக் கறை இருந்தா, டிக்கியில ஸ்டெப்னி குழியும் சீட் ரெயிலும் துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. வெள்ளத்துல நின்ன வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீங்க. வயரிங் கனெக்டர்கள் மாசக் கணக்குல மெல்ல அரிச்சுட்டே போகும். எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

பெயின்ட் மீட்டர் (பூச்சோட தடிமனை அளக்கிற கருவி) கிடைச்சா, கம்பெனி பெயின்ட் சுமாரா 100 முதல் 180 மைக்ரான் காட்டும். 300க்கு மேல போனா மறுபூச்சு அல்லது பட்டி (நசுங்கினதை நிரப்புற பூச்சு). ஒரு கதவுல இருந்தா பரவாயில்ல. பில்லர்லயோ (கூரையைத் தாங்குற தூண்) கூரையிலயோ இருந்தா விட்டுடுங்க.

வட்டிக்கணக்கு:
அந்த 7 சதவீதம் பிளாட்டா (முழுக் கடனுக்கும் கடைசி வரைக்கும் வட்டி), குறையும் நிலுவைக்கான வட்டியான்னு (மீதி அசலுக்கு மட்டும்) கேளுங்க. பிளாட்னா, 1,00,000 கடனுக்கு 5 வருஷத்துல வட்டி 35,000, மாசத் தவணை 2,250. குறையும் நிலுவையில இதே தவணை வரணும்னா வட்டி சுமார் 12.5 சதவீதம். பிளாட்ல நீங்க அடைச்சிட்ட அசலுக்கும் கடைசி வரைக்கும் வட்டி போடுறதுதான் காரணம். செயலாக்கக் கட்டணம், முன்கூட்டியே அடைச்சா அபராதம், ரெண்டையும் எழுத்துல வாங்கிக்கோங்க.

புதுச்சக்கரம்:
பிளாட்தான்னு இப்பத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னொண்ணு: ஓபிடி ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறுகளைப் படிக்கிற கருவி) கோளாறு எதுவும் இல்லைன்னு வந்தா போதுமா?

வால்வுசத்தம்:
போதாது. விற்கிறவர் அதுக்கு முந்தின நாளே கோளாறுக் குறியீடுகளை அழிச்சிருக்கலாம். ஸ்கேனர்ல ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சிருக்கான்னு காட்டுறது) பக்கத்தைத் திறங்க. பல மானிட்டர்கள் 'முடியவில்லை'ன்னு காட்டினா, சமீபத்துல அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. சில நாள் ஓட்டிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்க. மறுத்தா அடுத்த வண்டியைப் பாருங்க.

இன்ஜின்ல வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைவா ஓட்டுறது டைமிங் பெல்ட்டா செயினான்னும் கேட்டுடுங்க. பெல்ட்னா மாத்தின பில் வேணும், கி.மீ. குறைவா இருந்தாலும் வருஷக் கணக்குல ரப்பர் இறுகிடும். ஓடும்போது அறுந்தா பல இன்ஜின்கள்ல பிஸ்டன் வால்வுல மோதி வளைச்சிடும். பில் இல்லைன்னா, வாங்கின வாரமே பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது), பெல்ட்டால ஓடுற வாட்டர் பம்ப் மூணையும் சேர்த்து மாத்துற செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.