சந்தேகம்: ஸ்டேட்மென்டில் 'அவுட்ஸ்டாண்டிங்' 4,380 வெள்ளி (ரிங்கிட்), இது தவணை தாண்டிய கடனா?

மளிகை_பினாங்கு:
லெபோ பாசாரில் கடை. சப்ளையர் அனுப்பிய மாதக் கணக்கு ஸ்டேட்மென்டில் தேதி 30 ஏப்ரல். அடியில் 'டோட்டல் அவுட்ஸ்டாண்டிங் 4,380'. பில்கள்: 5 மார்ச் 1,850, 22 மார்ச் 1,150, 14 ஏப்ரல் 1,380. டெர்ம் 30 நாள். முதல் இரண்டுக்கும் 3,000 வெள்ளியை 2 மே அன்று டூயிட்நவ்வில் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் மலேசிய முறை) அனுப்பியாயிற்று. அகராதியில் பார்த்தால் 'மிகச் சிறந்த' என்கிறது! ஏமாற்றுகிறார்களா?

கணக்குப்பிள்ளை:
இல்லை அண்ணே. பணக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு நிலுவை என்று பொருள். கட்டவேண்டிய நாள் இன்னும் வராத பில்லும் அதில் சேரும். நாள் கடந்துவிட்டால் 'ஓவர்டியூ'. ஸ்டேட்மென்ட் 30 ஏப்ரலோடு முடிகிறது, நீங்கள் கட்டியது 2 மே. அதனால் 4,380 சரி. பில் தேதியிலிருந்து எண்ணினால் முதல் பில்லுக்குத் தவணை 4 ஏப்ரல், இரண்டாவதுக்கு 21 ஏப்ரல். அதில் 3,000 ஓவர்டியூதான், கோபப்பட இடமில்லை.

பில்_பார்ப்பவர்:
அடுத்த மாதமும் அந்த இரண்டு பில்லும் கட்டாததாகவே வந்தால்தான் கவலை. பணம் வந்தும் எந்தப் பில்லுக்கு என்று பதியாமல் விட்டிருப்பார்கள். அப்போது, பில் எத்தனை நாள் பழையது என்று காட்டும் வரிசையில் பழைய பில் 60 நாள் தாண்டிய கட்டத்துக்கு நகரும், உங்கள் 3,000 தனி வரியில் மைனஸாக நிற்கும். டூயிட்நவ்வில் 'ரெஃபரன்ஸ்' கட்டத்தில் கடைப் பெயரைப் போடாமல் பில் எண்ணைப் போடுங்கள். இடம் போதாவிட்டால் ரசீதையும் இரண்டு பில் எண்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அகராதி விஷயம்: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். பேலன்ஸ், இன்வாய்ஸ் வந்தால் நிலுவை. 'அவுட்ஸ்டாண்டிங் செக்' என்றால் கொடுத்தும் வங்கியில் இன்னும் கழியாத காசோலை. 'அவுட்ஸ்டாண்டிங் சர்வீஸ்' போன்ற இடங்களில்தான் பாராட்டு.

மளிகை_பினாங்கு:
பில் அடியில் '30 டேஸ் ஃப்ரம் எண்ட் ஆஃப் மந்த்' என்று இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அப்படியானால் மாதக் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். மார்ச் பில் இரண்டுக்கும் தவணை 30 ஏப்ரல். ஸ்டேட்மென்ட் தேதியில் எதுவுமே ஓவர்டியூ இல்லை, கட்டியது இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். மீதி 1,380ஐ 30 மேக்குள் கட்டுங்கள்.