சிங்கப்பூர் – சென்னை: மூன்றேகால் மணி நேரம் என்று நான் போட்ட கணக்கு

ஜன்னலோரம்:
ஆறு வருடமாச்சு, இன்னும் அந்தத் திரை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அப்பாயிக்கு முடியவில்லை, உடனே கிளம்பு என்றார்கள். சாங்கி போகிற வழியிலேயே டிக்கெட் எடுத்தேன். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், அப்போ மூன்றேகால் மணி நேரம். புறப்படுவது அங்கே இரவு 8.10 என்றால் நம்மூரில் 5.40. "ஒன்பது மணிக்கெல்லாம் சென்னையில இறங்கிடுவேன்மா, அப்பாயிகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் 9.45 என்று இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

முன் இருக்கைத் திரையில் மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்து 74 ஆனது. அப்புறம் 81. அப்புறம் 90. திரையிலிருந்த குட்டி விமானத்தின் மூக்கு கடல் பக்கம் திரும்பியிருந்தது. இறங்கும்போது 10.05. ஒன்பது மணியிலிருந்து "வந்துட்டானா?" என்று அப்பாயி மூன்று தடவை கேட்டிருக்கிறார். ஒன்பதரைக்குப் போய்விட்டார். பத்து மணி ஆகும் என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியாவது இருந்திருக்காது.

தேக்கா வாசி:
மனசு கனத்துவிட்டது தம்பி. என் தங்கை கல்யாணத்துக்கு நானும் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். அதனால் சொல்கிறேன், 900 என்பது மேலே ஏறி நிலைக்கு வந்த பிறகுள்ள வேகம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டார்கள். டிக்கெட்டில் போடும் நேரமோ விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போய் நிற்கும் வரை. ஓடுபாதை வரை ஊர்வதும் அதில் சேர்த்தி. தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள், 2,900-க்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். வீட்டில் புறப்படும் நேரத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். இறங்கும் நேரத்தை அந்த ஊர் மணியில் சொல்லி, குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கே போகும்போது எப்போதும் எதிர்காற்று வேறு.

வங்கக்கடல்:
அந்த "எப்போதும்" சரியில்லை அண்ணே. லண்டன் – நியூயார்க் தடத்துக்கு அது பொருந்தும்: கிழக்கே வர ஏழு மணி நேரம் போல, மேற்கே போக எட்டு. ஆனால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், காற்று கிழக்கிலிருந்துதான் வீசும். ஒரு ஜூலையில் சாங்கியில் 25 நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் மீனம்பாக்கத்தில் சொன்ன நேரத்துக்கே இறங்கினோம். மாதம் பார்க்காமல் சொல்லக் கூடாது.

பலாலிக்காரி:
நான் சொல்ல வந்தது வேறு. 2019 நவம்பரில் சென்னை – யாழ்ப்பாணம் விமானம் விட்ட புதிதில் போனேன். நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். அதற்கு முன்பு கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ரோட்டால் வேனில் ஏழெட்டு மணித்தியாலம் இருந்து வர வேண்டும். பக்கத்தில் ஒரு அம்மா. பலகாரப் பையை மடியில் வைத்து, சாப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தவர், பனைமரங்கள் தெரிந்ததும் என் கையைப் பிடித்தார். "வந்திட்டுதா? இவ்வளவு கிட்டவா பிள்ளை இருந்தது?"

எல்லாரும் எழும்பிப் போன பிறகும் சீட் பெல்ட்டைக் கழற்றாமல், பையை அணைத்தபடி அவர் அப்படியே இருந்தார்.