தர்பூசணி குச்சி ஐஸ் கல்லு மாதிரி ஆகுது, அடுப்பில்லாமல் பிள்ளைகளோடு வேறு என்ன செய்யலாம்?

வெயில்_விடுமுறை:

வீட்டில் 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பேர். அடுப்புப் பக்கம் போகாமல் அவர்களே கைபோட்டுச் செய்கிற மாதிரி கோடைத் தின்பண்டங்கள் வேண்டும். மிக்ஸியும் சாதாரண ஃப்ரீசரும் இருக்கு, ஐஸ்கிரீம் மெஷின் கிடையாது.

முதல் சந்தேகம் குச்சி ஐஸ் பற்றி. தர்பூசணிச் சாற்றைச் சர்க்கரை சேர்க்காமல் அச்சில் ஊற்றினால் கடிக்கவே முடியாத கட்டியாகுது. நாலு தடவை உறிஞ்சியதும் நிறம், இனிப்பு எல்லாம் போய்க் குச்சியில் வெள்ளை ஐஸ்தான் நிற்குது. என்ன காரணம்? அப்புறம், சின்னவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

அரைக்கரண்டி:

காரணம், சர்க்கரை போதவில்லை. சாறும் நீர்த்துப் போயிருக்கு. உறையும்போது முதலில் தண்ணீர் மட்டும்தான் தனியாகப் பனிக்கட்டியாகும். சர்க்கரை, நிறம், மணம் எல்லாம் அந்தக் கட்டிகளுக்கு இடையில் கெட்டிப் பாகாக ஒதுங்கிவிடும். உறிஞ்சினால் பாகு வந்துவிடும், தண்ணீர்க்கட்டி அங்கேயே நிற்கும். சர்க்கரை கூடக்கூட உறையாத பாகின் அளவும் கூடும், அதனால்தான் ஐஸ் கடிக்கிற பதத்தில் இருக்கும். அளவுக்கு மீறினால் உறையாமல் கொழகொழவென்று குச்சியை விட்டு வழியும்.

பழத்தில் இருப்பதையும் சேர்த்து, கலவையில் மொத்தச் சர்க்கரை 15 முதல் 20 சதவீதம் இருக்கணும். தர்பூசணியில் இயல்பாக 6 முதல் 8 சதவீதம்தான் உண்டு. அதனால்:

தர்பூசணி: விதை நீக்கிய துண்டுகள் 500 கிராம், சர்க்கரை 4 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.
நன்றாகப் பழுத்த மாம்பழம்: விழுது 500 கிராம், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், அதே அளவு எலுமிச்சைச் சாறும் உப்பும்.

சர்க்கரைப் பாகு காய்ச்சத் தேவையில்லை. துண்டுகள் மேல் சர்க்கரையைத் தூவி 20 நிமிடம் மூடி வைத்தால் பழமே நீர் விட்டுச் சர்க்கரையைக் கரைத்துவிடும். அப்புறம் அரைக்கலாம். தர்பூசணியை வடிகட்டாதீங்க, அந்தச் சதைதான் பாகைப் பிடித்து வைக்கும். மூன்றில் ஒரு பங்கு கெட்டித் தயிர் சேர்த்தால் இன்னும் மென்மையாக வரும்.

ஊற்றும் முன் ருசி பார்க்கச் சொல்லுங்க. குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், அதனால் கலவை 'கொஞ்சம் அதிகமோ' என்று தோன்றினால்தான் சரி. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். அச்சில் மேலே ஒரு சென்டிமீட்டர் காலியாக விடுங்க, இல்லையென்றால் மூடி தூக்கிக்கொள்ளும்.

-18 டிகிரி ஃப்ரீசரில் 5, 6 மணி நேரம் ஆகும். ஃப்ரீசருக்குள் உலோகத் தட்டு போட்டு அதன் மேல் அச்சை வைத்தால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் கட்டிகள் சின்னதாக இருக்கும், அதுவும் வாயில் மென்மைதான். எடுக்கும்போது குச்சியைப் பிடித்து இழுக்க வேண்டாம். அச்சைக் குழாய்த் தண்ணீரில் 15 நொடி முக்கினால் தானே நழுவி வரும்.

பழக்கூடை:

ஐஸ் பற்றி மேலே எல்லாம் வந்தாச்சு. மிக்ஸி இருப்பதால் வாழைப்பழ ஐஸ்கிரீமையும் சேர்த்துக்கோங்க. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக எடுங்க, பச்சை வாடை உள்ளது துவர்க்கும். தோலை உரித்துத்தான் உறைய வைக்கணும், உறைந்த பிறகு தோலோடு மல்லுக்கட்ட முடியாது. 3 பழத்தைக் காசு கனத்தில் வட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி 3 மணி நேரம் ஃப்ரீசரில் வைங்க. எடுத்து 5 நிமிடம் வெளியே விட்டு, 2 டேபிள்ஸ்பூன் பாலோடு விட்டுவிட்டு அரைக்கணும். முதலில் மணல் மாதிரி உதிரும், அதைப் பார்த்துப் பாலைக் கொட்டிவிடாதீங்க. பக்கங்களை வழித்துவிட்டு இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் சட்டென்று ஒன்றுகூடி வழவழப்பாகும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாகும், ஐஸ்கிரீமும் உருகும்.

இன்னொன்று தயிர்த் தகடு. 500 கிராம் தயிரைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் 2 மணி நேரம் வடியவிடுங்க. 2 டேபிள்ஸ்பூன் பொடித்த சர்க்கரை கலந்து, பட்டர் பேப்பர் மேல் அரை சென்டிமீட்டர் கனத்தில் தடவி, பழத்துண்டுகளைப் பதித்து 3 மணி நேரம் உறையவைத்து உடைத்துச் சாப்பிடலாம். பழத்தில் ஈரம் இருந்தால் அதைச் சுற்றி ஐஸ் பூக்கும், துடைத்துவிட்டுப் பதியுங்க.

தயிர் தடவுவது, பழம் பதிப்பது, முள்கரண்டியால் வாழைப்பழம் மசிப்பது எல்லாம் 4 வயதுக்கான வேலை. வாழைப்பழம் வெட்ட வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தி போதும். பெரியவனுக்குத் தராசும் அளவுக் கரண்டியும் கொடுங்க. சோம்பலாக இருக்கும் நாளில் திராட்சையைக் கழுவி, அப்படியே உறைய வைத்துக் கொடுத்தாலும் ஜோர்.

பனிமூட்டம்:

திராட்சையை முழுசாக 4 வயதுக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, உறைந்ததாக இருந்தால் இன்னும் ஆபத்து. உருண்டையாக, வழுக்குகிற மாதிரி இருப்பதால் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். 5 வயதுக்குள் என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்கணும். தயிர்த் தகட்டின் மேல் முழு பாதாம், முந்திரியும் வேண்டாம், பொடித்துத் தூவுங்க. ஒரு வயது நிரம்பாத குழந்தையும் வீட்டில் இருந்தால், சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்த்த எதையும் அதற்குத் தரக்கூடாது.

தயிரில் வேகவைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி சேர்க்காதீங்க. அவற்றில் உள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். ஜெலட்டின் ஜெல்லி உறையாமல் போவதும் இதனால்தான். வேகவைத்த பழம் என்றால் பிரச்சினை இல்லை, ஜெல்லிக்கு அகர் அகர் போட்டாலும் உறையும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே நாக்கில் வைக்க விடாதீங்க, ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் பொறுத்துக் கொடுங்க.

வெயில்_விடுமுறை:

திராட்சை விஷயத்துக்குத் தனி நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். பேப்பர் கப்பில் ஊற்றினால் குச்சி சாய்ந்துவிடுகிறதே? 6 மணி நேரம் காத்திருக்க மாட்டோம் என்கிறவர்களுக்கு ஏதாவது உண்டா?

அரைக்கரண்டி:

கப்பின் வாயை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, நடுவில் கத்தி நுனியால் கீறிக் குச்சியைச் செருகுங்க. இல்லையென்றால் ஒன்றரை மணி நேரம் கழித்து, கலவை கூழ் மாதிரி இறுகியதும் நட்டால் நேராக நிற்கும்.

உடனே வேண்டும் என்பவர்களுக்குப் பை ஐஸ்கிரீம். சின்ன ஜிப் பையில் பால் அரை கப், ஃப்ரெஷ் கிரீம் அரை கப், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், வெனிலா எசன்ஸ் அரை டீஸ்பூன். காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு சின்னப் பைக்குள் போட்டுவிடுங்க. பெரிய ஜிப் பையில் ஐஸ் கட்டி 4 கப், கல் உப்பு அரை கப். உள்ளே சின்னப் பையை வைத்து மூடி 8, 10 நிமிடம் விடாமல் குலுக்கணும். வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறக்காது, அதில் பால் உறையவும் உறையாது. உப்பு சேர்ந்தால் ஐஸ் உருகிக்கொண்டே -10 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிர் தோலைச் சுட்டுவிடும், அதனால் இரண்டு பேரும் பையைத் தடித்த துண்டில் சுற்றிப் பிடிக்கட்டும்.

10 நிமிடம் ஆகியும் நீர்மமாகவே இருந்தால், உப்பு குறைவு அல்லது குலுக்கியது போதவில்லை. ஐஸ்கிரீம் உப்புக் கரித்தால், திறக்கும் முன் வெளியே ஒட்டிய உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கு. சின்னப் பையைக் குழாயடியில் ஒரு தரம் அலசி, வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டுத் திறங்க. மிஞ்சிய உப்புத்தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், வேர் கருகும்.